கோயில் கமிட்டியும் ஒரு கொலையும்

பழைய யூத ஜோக் ஒன்று உண்டு. கப்பல் உடைந்து ஒரு யூதர் தனித்தீவில் மாட்டிக்கொள்கிறார். பல வருஷம் கழித்து இன்னொரு கப்பல் வந்து அவரைக் காப்பாற்றுகிறது. கிளம்புவதற்கு முன் கேப்டன் தீவைச் சுற்றிப் பார்க்கிறார். மனுஷன் ஒற்றை ஆளாக ஒரு குடிசை போட்டிருக்கிறார், கிணறு வெட்டியிருக்கிறார், கூடவே இரண்டு தொழுகைக்கூடங்களும் கட்டியிருக்கிறார். "ஒரே ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டு?" என்று கேப்டன் கேட்க, அவர் சொல்கிறார்: "இது நான் போறது. அதோ அது, செத்தாலும் நான் கால் வைக்க மாட்டேன்."

இந்த ஜோக்கைப் பினாங்குத் தமிழர்களிடம் சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது. 2017 தைப்பூசத்தில் இந்தத் தீவில் நகரத்தார் கோயிலின் வெள்ளி ரதத்தோடு இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் புறப்பட்டது. ஒரே முருகன், ஒரே மலை, இரண்டு ரதம். யார் எந்த ரதத்துக்குத் தேங்காய் உடைத்தார்கள் என்பதை வைத்தே குடும்பங்களுக்குள் பேச்சு நடந்தது. கோயில் ஆண்டுக்கூட்டம் என்றால் என்ன, அதில் நாற்காலி எந்த நிமிஷத்தில் பறக்க ஆரம்பிக்கும், யார் முதலில் சங்கப் பதிவகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதுவார் என்பதெல்லாம் மலேசியத் தமிழர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் ஹாரி கெமல்மனின் ராபி ஸ்மால் நாவல்களை இங்கே உட்கார்ந்து படிக்கும்போது வேற்று ஊர்க் கதையாகவே தோன்றுவதில்லை. 1964-இல் வெளிவந்த 'ஃப்ரைடே தி ராபி ஸ்லெப்ட் லேட்' அந்த வரிசையில் முதல் நாவல். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கடற்கரையில் பார்னர்ட்ஸ் கிராசிங் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே புதிதாகக் குடிவந்த, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த யூதக் குடும்பங்கள். அவர்கள் கட்டிய ஒரு கோயில், அதற்கு ஒரு கமிட்டி. அந்தக் கமிட்டி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் இளம் ராபி டேவிட் ஸ்மால். ராபி என்றால் பூசாரி இல்லை. சட்டம் படித்தவர், வழக்குத் தீர்ப்பவர். ஆனால் கமிட்டிக்கு வேண்டியது வேறு. எடுப்பான தோற்றம், கணீர்க் குரல், நன்கொடையாளர்களிடம் நெளிந்து பேசும் பக்குவம். இவரோ கசங்கிய கோட்டோடு, மறதியோடு, உண்மையை மூஞ்சிக்கு நேரே சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று கமிட்டி இரண்டுபட்டுக் கிடக்கும்போது, கோயில் வளாகத்தில் ஓர் இளம்பெண்ணின் பிணம் கிடைக்கிறது. அவளுடைய கைப்பை ராபியின் காரில்.

கொலை செய்தது யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பெரிய நஷ்டமில்லை என்பது வேறு விஷயம். இந்த நாவலில் கொலையைவிட சுவாரசியமானது அதற்கு முன் வரும் ஒரு கார் பஞ்சாயத்து. கமிட்டி ஆட்கள் இரண்டு பேருக்குள் சண்டை: இரவல் போன காரில் எண்ணெய் வற்றி எஞ்சின் போய்விட்டது. நஷ்டம் யாருடையது? கோர்ட்டுக்குப் போனால் அசிங்கம், சும்மா விட்டால் வயிறு எரிகிறது. ராபி இரண்டு பேரையும் உட்காரவைத்து, இரவல் வாங்கிய மாட்டைப் பற்றியும் முட்டும் எருதைப் பற்றியும் தால்முத் சொல்வதை எடுத்து, அதே நூலைப் பிடித்துக்கொண்டு காருக்கு வந்து சேர்கிறார். மாட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்ன ராஜா நமக்கும் திருவாரூரில் இருந்தார். அங்கே மகன் மீது தேரை ஏற்றவேண்டி வந்தது. ராபியிடம் சேதாரம் கம்மி.

தால்முத் பக்கத்தைப் படமாகவாவது பார்த்திருப்பீர்கள். நடுவில் மூலம், அதைச் சுற்றி நாலு பக்கமும் உரை, உரைக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. குறளுக்குப் பரிமேலழகர் சொன்னதை மணக்குடவரோடு மோதவிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பக்க அமைப்பு சட்டென்று பிடித்துப்போகும். அந்த வாதமுறைக்கு பில்புல் என்று பெயர். மிளகைப் போல் காரமாக, மயிரிழையைப் பிளந்து வாதிடுவது. கெமல்மன் செய்த காரியம் எளிமையானது: அந்த வாதத்தைத் துப்பறிவதற்குப் பயன்படுத்தினார். பூதக்கண்ணாடி இல்லை, துப்பாக்கி இல்லை. 'இப்படி இருக்கலாம். அப்படியானால் இது ஏன் இப்படி?' என்று கேட்டுக்கொண்டே போகிறார், அவ்வளவுதான்.

நம்முடைய துப்பறியும் சாம்புவோடு ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய சாம்பு அசடு. அதிர்ஷ்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் குற்றவாளியின் மடியில் விழவைக்கும். ஊர் அவரை மேதை என்று நம்புகிறது. ராபி ஸ்மால் மேதை. ஊர் அவரை அசடு என்று நம்புகிறது. சிரிப்பு இரண்டிலும் ஊரைப் பார்த்துத்தான்.

இந்த வகைக் கதைகளை ஆங்கிலத்தில் கோஸி என்பார்கள். ரத்தம் அதிகம் தெறிக்காது. துப்பறிபவர் போலீஸ்காரர் இல்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த சின்ன ஊர். கடைசிப் பக்கத்தில் ஊர் பழையபடி தன் வம்புக்குத் திரும்பிவிடும். இதை எழுத வேண்டும் என்று கெமல்மன் உட்காரவே இல்லை என்பதுதான் விசேஷம். அவர் முதலில் எழுதியது புறநகர் யூதக் கோயில் ஒன்று உருவாகும் கதையை. கொலையே இல்லாத சமூக நாவல். அதைப் பதிப்பிக்க ஆள் இல்லை. 'நீங்கள்தான் துப்பறியும் கதையும் எழுதுவீர்களே, இரண்டையும் சேர்த்தால் என்ன' என்று ஒரு பதிப்பாசிரியர் யோசனை சொன்னார். சேர்த்தார். முதல் நாவலுக்கான எட்கர் விருதும் வந்தது, கிழமைக்கு ஒன்றாகப் புத்தகங்களும் வந்தன. ஆக, நாம் படிப்பது கொலைக் கதை வேஷம் போட்டு வந்த சமூக வரலாறு.

இதற்கு முன்னால் ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் யூதர் எப்படி வந்தார் என்று பார்த்தால்தான் இந்த வேஷத்தின் அருமை தெரியும். லண்டன் யூதரான இஸ்ரேல் ஜாங்வில் 1891-இல் ஒரு பத்திரிகையில் தொடராக 'தி பிக் போ மிஸ்டரி' எழுதினார். உள்ளே தாழிட்ட அறை, உள்ளே பிணம் என்ற வகையில் முழுநீளமாக எழுதப்பட்ட ஆரம்பகால நாவல்களில் ஒன்று. அதுவும் நகைச்சுவை நாவல்தான். ஆனால் அதில் யூத வாழ்க்கை இல்லை. யூத வாழ்க்கையை அவர் வேறு புத்தகங்களுக்கு ஒதுக்கிவைத்தார். மற்றவர்கள் எழுதியதில் யூதர் வட்டிக்காரர், நகை வியாபாரி, சந்தேகத்துக்குரிய வெளியாள். 1923-இல் டாரதி சேயர்ஸின் முதல் நாவலில் காணாமல் போகிற பணக்காரர் ஒரு யூதர், பெயர் லெவி. அகதா கிறிஸ்டியின் ஆரம்ப நாவல்களில் யூதர்களைப் பற்றி வந்த சில வரிகள் பின்னாட்களில் மாற்றப்பட்டன. பர்மாவிலும் மலாயாவிலும் காலனிக்கால எழுத்தில் செட்டியார் எப்படி வந்தாரோ கிட்டத்தட்ட அப்படி. பெட்டியடி, கணக்குப்புத்தகம், கண்ணில் ஒரு கள்ளத்தனம். கெமல்மன் அந்த வெளியாளையே எடுத்து, முதல் நாவலிலேயே அவர் மீது சந்தேகம் விழவும் வைத்து, பிறகு அவரையே துப்பறிபவராக்கிவிட்டார். ஊரின் போலீஸ் தலைவர் ஹியூ லானிகன் ஐரிஷ் கத்தோலிக்கர். அவரும் ராபியும் சாயங்காலங்களில் உட்கார்ந்து மதம் பேசுகிற இடங்கள் எனக்கு அந்த நாவல்களிலேயே பிடித்தவை.

சரி, இதற்கும் பினாங்குக்கும் என்ன?

இந்தத் தீவிலும் ஒரு தொழுகைக்கூடம் இருந்தது. நாகூர் ரோடு, 28-ஆம் எண். நாகூர் என்றால் நம்ம நாகூர்தான். சூலியா ஸ்திரீட்டில் தர்கா வைத்தவர்களின் ஊர்ப் பெயர் ஒரு தெருவுக்கு வந்து, அந்தத் தெருவில் பாக்தாத் யூதர்கள் தோரா படித்திருக்கிறார்கள். 1929-இல் திறந்தது. 1976-இல் மூடிவிட்டார்கள். காரணம் சட்டத்தகராறு இல்லை, கலவரம் இல்லை. பத்துப் பேர் இல்லை. யூத வழக்கப்படி கூட்டுத்தொழுகைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் எவ்வளவு பக்தியோடு நின்றாலும் கணக்கில் வராது. யூதக் கதைகளில் பாதி நகைச்சுவை இந்தப் பத்தாவது ஆளைத் தேடி நடப்பதுதான். சீட்டாட்டத்திலிருந்து இழுத்துவருவது, கடனை ஞாபகப்படுத்தி மிரட்டுவது, ஊருக்குப் புதிதாக வந்த சேல்ஸ்மேனை ரயிலடியிலேயே மடக்குவது. பினாங்கில் அந்தத் தேடல் முடிந்துபோனது. நாகூர் ரோட்டில் இப்போது இரவில் மதுக்கடைகளும் காப்பிக் கடைகளும் ஜேஜே என்று இருக்கின்றன.

இவர்கள் வந்த வழி நமக்குத் தெரிந்த வழிதான். பாக்தாதிலிருந்து பஸ்ரா, பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். பிரிட்டிஷ் கப்பல் எங்கெல்லாம் நங்கூரம் போட்டதோ அங்கெல்லாம் ஒரு பாக்தாத் யூதக் கடை. மரக்காயரும் செட்டியாரும் போன அதே துறைமுகங்கள். இந்த வழியின் கடைசியில், சிங்கப்பூரில், கொலை வழக்குகளில் பேர்போன வக்கீலாக இருந்து 1955-இல் முதல் முதலமைச்சரும் ஆனவர் டேவிட் மார்ஷல். அவரும் இந்த வம்சம்தான். கெமல்மன் பிறந்த அதே 1908-இல் பிறந்தவர். ராபி ஸ்மாலுக்கு நிஜத்தில் ஒரு தம்பி என்றால் எனக்கு மார்ஷல்தான் ஞாபகம் வருவார். கமிட்டியோடு ஒத்துப்போகாததில் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

பினாங்கு யூதர்களைப் பற்றிக் கிடைக்கும் தகவல்கள் ரொம்பக் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தைத் துப்பறியும் கதை படித்த கண்ணோடு பார்த்தால் சிரிப்பு வருகிறது. எசேக்கியல் மனாசே என்பவர் 1895-இல் பாக்தாதிலிருந்து இங்கே வந்து குடியேறினார். முப்பது ஆண்டுகள் மலாயாவில் நெறிதவறாமல் வாழ்ந்த ஒரே யூதர் தான்தான் என்று அவர் சொல்லிக்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது. உணவு விதிகளை விடாமல் காத்தவர், வழிப்போக்கர்களான யூதர்களுக்கு வீட்டைத் திறந்துவைத்தவர். நல்லது. ஆனால் 1899-ஆம் ஆண்டுக் கணக்கில் பினாங்கில் 172 யூதர்கள் இருந்ததாகவும் பதிவு இருக்கிறது.

இதை ராபி ஸ்மால் கையில் கொடுத்தால் என்ன செய்வார்? முதலில் மனாசே பொய் சொல்கிறார் என்ற முடிவை ஒதுக்குவார், அது சோம்பேறி முடிவு. பிறகு 'நெறிதவறாமல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார். யூதர் எத்தனை பேர் என்பதா கேள்வி? யாருடைய கண்ணில் யார் யூதர் என்பதல்லவா கேள்வி? மீதி 171 பேரும் என்ன சாப்பிட்டார்கள், சனிக்கிழமை கடையைத் திறந்தார்களா, பக்கத்து வீட்டு மனாசே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? இங்கேதான் அந்தத் தனித்தீவு ஜோக் திரும்பி வருகிறது. 172 பேர் இருந்த தீவில் தான் ஒருவன்தான் உண்மையான யூதன் என்று ஒருவர் முப்பது வருஷம் நம்பியிருக்கலாம். நம்ம ஊரிலும் இந்த ஆள் உண்டு. எந்தக் கோயிலிலும் முறையாக அபிஷேகம் நடப்பதில்லை என்று சொல்லி வீட்டிலேயே பூசை வைத்துக்கொள்வார்.

இது ஊகம்தான். ஆனால் கணக்கும் கூற்றும் முட்டிக்கொள்கிற இந்த இடத்தில்தான் அந்த மக்கள் எனக்கு முதல்முறையாக உயிரோடு தெரிந்தார்கள்.

வரலாற்றில் மிச்சமிருப்பது கல்லறைகள். பர்மா ரோட்டையும் மெக்கலிஸ்டர் ரோட்டையும் இணைக்கும் ஒரு சின்னத் தெருவில் யூத இடுகாடு இருக்கிறது. 1805-இல் ஏற்பட்டது என்கிறார்கள். பிரான்சிஸ் லைட் இங்கே கொடி நட்டு 19 ஆண்டுகளே ஆகியிருந்தன. 2010 கணக்குப்படி சுமார் 107 கல்லறைகள். தேதி பொறித்த மிகப் பழைய கல் 1835 ஜூலை 9, ஷோஷான் லெவி என்ற பெண்மணிக்கு. நிலத்தைக் கொடுத்தவர் இவர்தான் என்று நம்பப்படுகிறது. 1805-க்கும் 1835-க்கும் நடுவில் முப்பது ஆண்டுகள் கல் எதுவும் பேசவில்லை. நிலம் கிடைத்தது, பிணம் கிடைக்கவில்லையா? கோஸி நாவலுக்கு இதைவிட நல்ல முதல் அத்தியாயம் வேண்டுமா?

இன்னொரு தடயம். கோஹன் குடும்பப் பெயருள்ளவர்களின் கல்லறைகள் மற்றவற்றிலிருந்து விலகித் தனியாக இருக்கின்றன. தெரியாமல் பார்ப்பவர் ஏதோ குடும்பச் சண்டை, ஜாதித் தள்ளிவைப்பு என்று நினைப்பார். நமக்கு அப்படித்தானே நினைக்கத் தோன்றும். விஷயம் தலைகீழ். கோஹன்கள் பழைய ஆலயக் குருமார் வம்சம். பிணத்தீட்டு அவர்களுக்கு ஆகாது, இடுகாட்டுக்குள் நடமாடக் கூடாது. அதனால் அவர்களுடைய கல்லறைகளை ஓரமாக வைப்பது வழக்கம், குடும்பத்தினர் மற்ற சமாதிகளுக்கு நடுவே நுழையாமல் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே கிடப்பவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் லெப்டினென்ட் கோஹன், 1941 அக்டோபர் 10-ஆம் தேதி விபத்தில் இறந்தவர். இரண்டு மாதம் கழித்து ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு போட்டன. யூதர்கள் பலர் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். 1963-இல் இருபது குடும்பங்கள்தான் இருந்தன.

ராபி வரிசையின் இரண்டாவது நாவல், 1966-இல் வந்த 'சாட்டர்டே தி ராபி வென்ட் ஹங்ரி', ஓர் இடுகாட்டைச் சுற்றியே நடக்கிறது. யோம் கிப்பூர் நோன்பு ராத்திரியில் ஒருவர் தன் கார் கொட்டகையில் செத்துக்கிடக்கிறார். தற்கொலையாக இருந்தால் அவரைப் புனித நிலத்தில் மற்றவர்களோடு வைக்கலாமா? பெரிய நன்கொடையாளர் கூடாது என்கிறார். புதைத்த ஆளை எப்படியாவது மற்ற கல்லறைகளிலிருந்து பிரித்துவிட வழியுண்டா என்று கமிட்டி யோசிக்கிறது. ராபி வேலையையே விட்டுவிடத் தயாராகிறார். சிரித்துக்கொண்டே படித்து வருகிறோம், திடீரென்று புரிகிறது: செத்தவனுக்கும் ஊரில் ஓர் இடம் வேண்டும், அதற்காக ஒருவர் சண்டை போடுகிறார். அந்த வரிசையில் எனக்கு இதுதான் முதலிடம். பிந்தைய நாவல்களில் ராபி கொஞ்சம் அதிகமாகவே பிரசங்கம் செய்கிறார், கொலை ஒப்புக்கு நடக்கிறது.

பினாங்கு இடுகாட்டுத் தெருவுக்கு முன்பு யஹூதி ரோடு என்று பெயர். இப்போது ஜாலான் ஜைனல் அபிடின். இந்த நாட்டில் தெருப்பெயர் மாறுவது அபூர்வமில்லை, எல்லாவற்றிலும் சதி தேடவேண்டியதும் இல்லை. ஆனால் யஹூதி என்ற சொல் மலேசியாவில் என்ன ஆனது என்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. 1984-இல் எர்னஸ்ட் பிளாக்கின் 'ஷெலோமோ' என்ற யூத இசைப்படைப்பை நீக்கச் சொன்னதால் நியூயார்க் பில்ஹார்மோனிக் கோலாலம்பூர் வருவதையே ரத்து செய்தது. 1994-இல் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படம் தணிக்கையில் நின்றது. மேடைப்பேச்சில் அது வசைச்சொல். காஸாவைப் பார்த்து வரும் கோபம் வேறு, அது எனக்கும் உண்டு. ஆனால் என் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒரு யூதரைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அந்தச் சொல்லுக்குள் முகமே கிடையாது. ஒரு ராணுவம் இருக்கிறது, இல்லாவிட்டால் உலகத்தை மறைந்திருந்து ஆட்டிவைக்கும் ஏதோ ஒரு கும்பல் இருக்கிறது. பர்மா ரோட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள், நாகூர் ரோட்டில் பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள், அந்தச் சொல்லுக்குள் வருவதே இல்லை.

உலகத்தை ஆட்டிவைக்கும் கும்பல் என்று நம்புகிறவர்கள் பார்னர்ட்ஸ் கிராசிங் கமிட்டியின் ஒரே ஒரு கூட்டத்தைப் படித்தால் போதும். கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்ற முடியாதவர்கள் அவர்கள். நம்மைப் போலவேதான்.

கெமல்மனிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. 1964 என்றால் ஐரோப்பாவில் அறுபது லட்சம் பேரைக் கொன்று முடித்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. அந்த நிழல் இந்த நாவல்களில் மிகக் குறைவு. கோஸி வடிவத்தின் விலை அது. கதகதப்பாக இருக்கவேண்டுமானால் ஜன்னலைச் சாத்தித்தான் ஆகவேண்டும். ஆனால் அவர் எழுதியது ராபியோடு காரசாரமாகச் சண்டை போட ஆள் இருக்கிற ஊர். இழுபறிக்கும் வம்புக்கும் பொறாமைக்கும் போதுமான ஆட்கள் இருக்கிற ஊர். கொலை நடந்தும் அது கதகதப்பான ஊராக இருப்பதற்கு அதுவே காரணம். பினாங்கைப் பற்றிய பதிவுகளில் கல்லறை எண்ணிக்கை இருக்கிறது, தேதி இருக்கிறது. 1930களின் ஒரு சனிக்கிழமை நாகூர் ரோட்டில் யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்பது இல்லை. அது தெரிந்தால்தான் நாவல் எழுதமுடியும்.

தீவில் பிறந்த யூதக் குடும்பங்களில் கடைசி மனிதர் 2011-இல் இறந்தார். இடுகாட்டில் மிகப் புதிய கல் அவருடையது. புல்தரையின் பெரும்பகுதிக்கு சிமெண்ட் போட்டுவிட்டார்கள். கல்லறைகளைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தது ஓர் இந்தியக் குடும்பம். சுற்றுலாப் பயணிகள் வந்து சமாதிகளின் மேல் சின்னக் கூழாங்கற்களை வைத்துவிட்டுப் போகிறார்கள், யூத வழக்கப்படி பூவுக்குப் பதில் கல்.

தொழுகைக்கூடம் போய்விட்டது. பத்துப் பேர் என்ன, ஒருவரும் இல்லை. ஆனால் அந்த இடுகாட்டை நிர்வகிக்க 1885-இல் ஏற்படுத்திய அறங்காவலர் குழு மட்டும் அதிகாரபூர்வமாக இன்னும் இருக்கிறது. ஊரே காலியான பிறகும் கமிட்டி கலையவில்லை. கெமல்மனிடம் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். அடுத்த கூட்டம் எப்போது, தலைவர் பதவிக்கு எத்தனை பேர் போட்டி என்று கேட்டிருப்பார்.